அச்சம் போதாது, ஆய்வு தேவை!

திருவனந்தபுரம் மாவட்டத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து 2025 மே 23-ஆம் தேதி கொச்சி நோக்கிப் புறப்பட்டது எம்.எஸ்.சி. எல்சா-3 என்கிற சரக்குக் கப்பல். லைபீரிய நாட்டுக் கொடி தாங்கிய அந்தக் கப்பல் மறுநாள் கொச்சிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 38 கடல் மைல் தொலைவில் ஒருபுறமாகச் சாய்ந்தது. மே 25-ஆம் தேதி காலையில் அறுநூறுக்கும் மேற்பட்ட கொள்கலன்களுடன் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர் என்பது ஆறுதல். ஆனால், கடலில் கொட்டிய சரக்கை மீட்பதுதான் இயலாமல் போயிற்று.

சில நாள்களிலேயே கொச்சுவேளி, பெருமாதுறை, அஞ்சுதெங்கு, வர்க்கலா கடற்கரைகளில் ஜவ்வரிசியைப் போன்ற வெண்ணிறக் குருணைகள் அலையலையாக ஒதுங்கின. 'நர்டில்' எனப்படும் இந்தக் குருணைகள்தாம் பெரும்பாலான பிளாஸ்டிக் பொருள்களுக்கு மூலப்பொருள். தன்னார்வலர்கள் சல்லடையும் முறமும் கொண்டு மணலைச் சலித்தனர். கேரள அரசு இந்த விபத்தை மாநிலப் பேரிடராக அறிவித்தது. குருணைகளோ மாநில எல்லையைப் பார்க்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டக் கரைகளிலும், தனுஷ்கோடியிலும், பின்னர் இலங்கையின் வடக்குக் கரைகளிலும் அவை ஒதுங்கின.

அதையொட்டி எழுந்த கேள்வி ஒன்றுக்கு இன்று வரை தெளிவான விடை அளிக்கப்படவில்லை. இந்தத் துகள்கள் உணவின் வழியாகவும் நீரின் வழியாகவும் உடலுக்குள் சென்றால் புற்றுநோய் வருமா என்பதுதான் அந்தக் கேள்வி. வரும் என்று சந்தையில் வதந்தி பரவியது. மீன் வாங்கத் தயங்கினார்கள் மக்கள். அச்சம் வேண்டாம் என்று அதிகாரிகள் கூறினார்கள். வதந்திக்கும் ஆதாரமில்லை, நீண்டகால விளைவு எதுவும் இருக்காது என்று உறுதி கூறவும் எவரிடமும் ஆதாரமில்லை.

அறிவியல் இதுவரை கூறுவது என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்வது நல்லது. கரையொதுங்கிய குருணைகள் பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவுடையவை. அந்த அளவுள்ள துகள் எதுவும் குடலைத் துளைத்து ரத்தத்தில் கலப்பதில்லை. 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் உடலில் சேராமல் கழிவுடன் வெளியேறிவிடவே வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. மேலும், மீனின் குடலில் தங்கும் பெரிய துகள்கள், குடலை நீக்கிச் சமைக்கும்போது அகன்றுவிடுகின்றன. ஆகவே, கப்பல் மூழ்கியதற்காக மீன் உண்பதையே நிறுத்த வேண்டும் என்பது மீனவனின் வயிற்றில் அடிப்பதே தவிர, புற்றுநோயைத் தடுக்கும் வழியல்ல.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வெயிலும் அலையும் உப்பும் சேர்ந்து இந்தக் குருணைகளை ஆண்டுக்கணக்கில் அரித்துப் பொடியாக்கும். பொடி மேலும் பொடியாகும். ஒரு மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்கள் குடற்சுவரையும் நுரையீரல் திசுக்களையும் கடக்கக்கூடும் என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் உள்ளன. அயல்பொருளை விழுங்கி அழிப்பதற்கென்றே உடலில் சில ரத்த வெள்ளையணுக்கள் இருக்கின்றன. அவற்றால் பிளாஸ்டிக்கைச் செரிக்க இயலாது. செரிக்க முடியாததைச் சுமந்துகொண்டே இருக்கும் அணுக்களைச் சுற்றி அழற்சி உருவாகும். ஓயாத அழற்சி, மரபணுவைச் சிதைக்கும் வேதிப்பொருள்களை வெளிவிடும். நெடுங்கால அழற்சி புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பதை மருத்துவ உலகம் கல்லீரல், குடல், இரைப்பை நோய்களில் ஏற்கெனவே கண்டிருக்கிறது.

துகளுடன் வரும் வேதிப்பொருள்கள் மற்றொரு கவலை. பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கப்படும் தாலேட்டுகள், பிஸ்பீனால்-ஏ போன்றவை உடலின் ஹார்மோன் சமநிலையைக் குலைக்கக் கூடியவை. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக், எண்ணெய்க் கழிவிலுள்ள நச்சுகளையும் தன்மீது ஈர்த்துக்கொள்ளும். எல்சா-3 கப்பலின் தொட்டிகளில் 367 டன் உலை எண்ணெயும் 84 டன் டீசலும் இருந்தன என்பது இங்கே கருதத்தக்கது.

இவை அனைத்தும் ஏற்கத்தக்க காரணங்கள்தாமே தவிர, மெய்ப்பிக்கப்பட்ட முடிவுகள் அல்ல. 2024-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியான ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, பெருங்குடல் புற்றுநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பினர். அவர்கள் எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை விலங்குகளின் மீது நடத்தப்பட்டவை. மனிதர்களிடையே கிடைத்த குறிப்பிடத்தக்க சான்று, புற்றுநோய் பற்றியதே அல்ல. 2024 மார்ச் மாதம் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட அந்த ஆய்வு, கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 257 பேரைத் தொடர்ந்து கண்காணித்தது. அடைப்பில் நுண் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் அபாயம் மற்றவர்களைவிட நான்கரை மடங்கு அதிகமாக இருந்தது. அதற்கு பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த மருத்துவர்களே கூறவில்லை. தொடர்பு இருக்கிறது என்று மட்டுமே கூறினார்கள்.

அளவிடும் முறையிலும் குழப்பம் இருக்கிறது. ரத்தத்தில், நஞ்சுக்கொடியில், மூளையில் நுண் பிளாஸ்டிக் கண்டறியப்பட்டதாகச் செய்திகள் அடுத்தடுத்து வெளியாயின. திசுவைச் சூடாக்கிப் பிரித்து அளக்கும் முறையில், உடலின் கொழுப்பும் பாலிஎத்திலீன் போன்றே தோற்றம் காட்டிவிடும் என்று மற்ற விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். சோதனைச் சாலையின் காற்றிலும் கையுறையிலும்கூட பிளாஸ்டிக் இருக்கிறது. அளவுகோலே உறுதியாகாதபோது, யாருடைய உடலில் எவ்வளவு என்பதை எப்படிச் சொல்வது?

பிளாஸ்டிக் என்றாலே நஞ்சு என்பதும் உண்மையல்ல. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு, 1990-ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்த வால்வில் திறந்து மூடும் வட்டத்தகடு பாலிஎத்திலீன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஏழை நோயாளிகள் ஏராளமானோருக்கு அது உயிர் தந்திருக்கிறது. மறுபுறம், 1940-களின் இறுதியிலும் 1950-களிலும் அமெரிக்காவில் எலிகளின் தோலுக்கடியில் பிளாஸ்டிக் தகடுகளைப் பதித்தபோது கட்டிகள் தோன்றின. அதே பிளாஸ்டிக்கைப் பொடியாக்கிச் செலுத்தியபோது அவ்வாறு தோன்றுவது அரிதாக இருந்தது. பொருள் எது என்பதைப்போலவே அதன் வடிவம், அளவு, தங்கும் இடம், தங்கும் காலம் ஆகியவையும் முக்கியம் என்பதே இதிலிருந்து அறியவேண்டியது. 'ஆபத்து' என்றோ, 'ஆபத்தில்லை' என்றோ ஒற்றைச் சொல்லில் விடை தர முயல்வோர் இரு தரப்பிலும் தவறிழைக்கிறார்கள்.

அப்படியானால், சான்று கிடைக்கும் வரை அரசு காத்திருக்கலாமா என்றால், கூடாது என்கிறது வரலாறு. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரின் தூசி நுரையீரல் உறையில் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதை 1960-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் சுரங்கப் பகுதி நோயாளிகளை வைத்து நிறுவினர். அதற்குள் உலகெங்கும் கோடிக்கணக்கான கூரைகளில் கல்நார் ஏறிவிட்டது. தூசியைச் சுவாசித்தவருக்கு நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள் வரை ஆகும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் முழுத்தடை விதித்த பிறகும் அங்கே மரணங்கள் தொடர்ந்தன. இந்தியாவில் கல்நார் கூரைத் தகடுகள் இன்றும் விற்கப்படுகின்றன. நுண் பிளாஸ்டிக்கும் கல்நாரும் ஒன்றல்ல. ஆனால், உடலில் கரையாத துகளின் விளைவு ஒரு தலைமுறைக்குப் பிறகே கண்ணில் படும் என்ற பாடம் இரண்டுக்கும் பொருந்தும்.

இன்னொரு பாடமும் உண்டு. பி.வி.சி. தயாரிக்கப் பயன்படும் வினைல் குளோரைடு புற்றுநோயை உண்டாக்கும் என்பது 1974-இல் தெரியவந்தது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரே தொழிற்சாலையின் தொழிலாளர்கள் சிலருக்கு, கல்லீரல் ரத்தக்குழாயில் தோன்றும் மிக அரிய புற்றுநோய் வந்ததை அந்த ஆலையின் மருத்துவர் கவனித்தார். நோய் அரியது, இடம் ஒன்று, ஆகவே கண்ணில் பட்டது. பெருங்குடல் புற்றுநோயோ, நுரையீரல் புற்றுநோயோ அப்படியல்ல. எந்த மருத்துவமனையிலும் அன்றாடம் காணப்படும் நோய்கள் அவை. நூற்றில் சிலருக்கு நுண் பிளாஸ்டிக்கால் கூடுதலாக வந்தாலும் எந்த மருத்துவரின் கண்ணுக்கும் அது தனித்துத் தெரியாது. போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் தீண்டாத மனிதரே இல்லை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆளில்லை. பதிவேடும் நெடுநாள் கண்காணிப்பும் இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை காணவே முடியாது.

இத்தகைய கேள்விக்கு விடை கண்ட அனுபவம் இந்தியாவில் உண்டு என்பதையும், அது திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது என்பதையும் தில்லியில் இருப்பவர்கள் மறந்துவிட்டார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளி வட்டத்தின் கடலோர மணலில் தோரியம் கலந்த மோனசைட் கனிமம் இருப்பதால், அங்கே இயற்கைக் கதிரியக்கம் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். அங்கு வாழ்பவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வரும் என்று பல காலமாக ஓர் அச்சம் நிலவிவந்தது. 1981-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், 1990-இல் அந்த வட்டத்துக்கென்றே ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டை உருவாக்கியது. களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று கதிரியக்கத்தை அளந்தார்கள். புகையிலை, உணவு, தொழில் உள்பட வாழ்க்கை விவரங்களைக் குறித்தார்கள். ஏறத்தாழ 70,000 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்து, இயற்கைக் கதிரியக்கத்தால் அங்கு புற்றுநோய் கூடுதலாக ஏற்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்ற முடிவை 2009-இல் வெளியிட்டார்கள். அச்சத்துக்கு மேடைப் பேச்சால் அல்ல, கணக்கெடுப்பால் விடை கிடைத்தது.

அதே மையம் 1996-இல் திருவனந்தபுரம் மாவட்ட ஊராட்சிகளில் தொடங்கிய வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டமும் உலகப் புகழ் பெற்றது. பயிற்சி பெற்ற களப்பணியாளர் வாயைத் திறந்து பார்த்துச் சோதித்தாலே, புகையிலையும் மதுவும் பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று 2005-இல் அது நிறுவியது. இதில் மற்றோர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. நுண் பிளாஸ்டிக் பற்றிய அச்சம், புகையிலை, மது, காற்று மாசு போன்ற மெய்ப்பிக்கப்பட்ட காரணங்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடலாகாது. கடற்கரைக் குருணைக்கு அஞ்சி மீனை ஒதுக்கிவிட்டு, புகையிலையை மெல்லுவதில் பொருளில்லை.

எனவே, செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. கொல்லம் முதல் கன்னியாகுமரி வரையிலான கடலோரக் குடும்பங்களை உள்ளடக்கிய நெடுங்கால ஆய்வு ஒன்றை, மண்டலப் புற்றுநோய் மையத்தின் தலைமையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்க வேண்டும். மீனவர்கள் மட்டுமல்ல, அதிகமாகத் துகள்களைச் சுவாசிக்க வாய்ப்புள்ளவர்களும் அதில் இடம்பெற வேண்டும். கேரளத்தில் வீடு வீடாகச் சென்று பிளாஸ்டிக் கழிவைச் சேகரித்துத் தரம் பிரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள், மறுசுழற்சிக் கூடத் தொழிலாளர்கள், குப்பை பொறுக்கி வாழ்வோர் ஆகியோரே அவர்கள். கரையொதுங்கிய குருணையால் மட்டும் மீனவக் குடும்பங்களின் உடலில் சேரும் பிளாஸ்டிக் கூடியிருக்கிறதா என்பதே முதலில் அளக்கப்பட வேண்டியது. கூடவில்லை என்று முடிவு வந்தால் அதுவும் மக்களுக்குக் கிடைக்கும் நிம்மதிதான்.

அளவிடும் பணிக்கும் வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. உடலுக்குள் பொருத்தும் பொருள்கள் திசுக்களில் ஏற்படுத்தும் விளைவுகளைச் சோதிப்பதில் ஸ்ரீசித்திரை நிறுவனத்துக்குப் பல்லாண்டு அனுபவம் உண்டு. உணவுப் பொருள்களில் நுண் பிளாஸ்டிக்கை அளக்க நம்பகமான முறைகளை வகுக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024-இல் தொடங்கியது. லக்னௌவிலுள்ள நச்சியல் ஆராய்ச்சி நிறுவனமும், கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் அதில் பங்கேற்றுள்ளன. உணவில் நிற்கும் அந்த முயற்சி மனித உடல் வரை நீட்டிக்கப்பட வேண்டும். இன்று சேகரித்துப் பாதுகாக்கும் ரத்த மாதிரிகளை, பிழையற்ற கருவி வரும் நாளில் மீண்டும் சோதிக்கலாம். இன்று சேகரிக்கத் தவறினால், பிறகு எத்தனை கோடி செலவிட்டாலும் அந்தத் தொடக்க நிலை விவரம் கிடைக்காது.

பணம் யார் தருவது என்ற கேள்வி எழலாம். கேரள அரசு ரூ.9,531 கோடி இழப்பீடு கேட்டு 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றத்தை அணுகியது. சூழல் பாதிப்புக்கு ரூ.8,626 கோடி, தூய்மைப்படுத்தும் நடவடிக்கைகளுக்கு ரூ.378 கோடி, மீனவர்களின் வருவாய் இழப்புக்கு ரூ.526 கோடி என மூன்று தலைப்புகளில் அந்தக் கோரிக்கை அமைந்திருக்கிறது. அதே நிறுவனத்தின் மற்றொரு கப்பலைச் சிறைப்பிடித்து வைக்க உத்தரவிட்ட உயர்நீதிமன்றம், கப்பலை விடுவிப்பதற்கான பிணைத்தொகையை 2025 செப்டம்பரில் ரூ.1,227.62 கோடியாக நிர்ணயித்தது. மூன்று தலைப்புகளில் மக்களின் உடல்நலம் தனித் தலைப்பாக இடம்பெறவில்லை என்பதுதான் வேதனை. கிடைக்கும் இழப்பீட்டில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே இருபது, முப்பது ஆண்டுகள் நடக்க வேண்டிய ஆய்வுக்குப் போதும். நீதிமன்றத்தின் முன் மாநில அரசு இதை வலியுறுத்த வேண்டும்.

இலங்கையின் அனுபவத்தையும் மறந்துவிடக் கூடாது. 2021-இல் கொழும்புக்கு அருகே தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கொட்டின. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜூலையில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. கப்பல் நிறுவனம் அதையும் செலுத்த மறுப்புத் தெரிவித்தது. தீர்ப்புக்குக் காத்திருந்து ஆய்வைத் தொடங்குவது என்றால் ஆய்வே நடக்காது. மத்திய அரசு இப்போதே நிதி வழங்கி, பின்னர் இழப்பீட்டில் ஈடுசெய்துகொள்வதே சரியான வழி.

சட்டத்தின் ஓட்டைகளும் அடைக்கப்பட வேண்டும். சர்வதேசக் கடல் போக்குவரத்து விதிகளின்படி பிளாஸ்டிக் குருணை 'ஆபத்தான சரக்கு' என்று வகைப்படுத்தப்படவில்லை. உறுதியான உறைகளில் அடைக்க வேண்டும், இயன்றவரை மேல்தளத்தில் அடுக்காமல் உள்தளத்தில் வைக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024-இல் வெளியிட்டவை வெறும் பரிந்துரைகள்தாம். உள்நாட்டு நிலைமை இன்னும் விசித்திரமானது. 2024-இல் திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், ஒரு மைக்ரான் முதல் 1,000 மைக்ரான் வரையிலான துகளையே நுண் பிளாஸ்டிக் என்று வரையறுக்கின்றன. உலக வழக்கிலோ 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை அனைத்தும் அதில் அடங்கும். அதாவது, திருவனந்தபுரம் கரையில் ஒதுங்கிய குருணை, இந்திய விதிகளின் கண்ணில் நுண் பிளாஸ்டிக்கே அல்ல. அது பொடியாகி, பொறுக்கி எடுக்க முடியாத நிலையை அடைந்த பிறகுதான் விதியின் வரையறைக்குள் வரும்!

இவற்றையெல்லாம் விவாதித்திருக்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். எல்சா-3 மூழ்கி மூன்று மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், 2025 ஆகஸ்டில் வணிகக் கப்பல் போக்குவரத்து மசோதாவும் இந்தியத் துறைமுகங்கள் மசோதாவும் இரு அவைகளிலும் நிறைவேறின. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கிடையே மக்களவையில் வணிகக் கப்பல் மசோதா நிறைவேறியது. விவாதம் நடத்த ஆளும் தரப்பு அக்கறை காட்டவில்லை. விவாதிக்க எதிர்த்தரப்பும் இருக்கையில் இல்லை. கேரளத்தையும் தமிழகத்தையும் சேர்ந்த உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி ஒன்றுபட்டுக் குரல் எழுப்பியிருக்க வேண்டிய வாய்ப்பு அது. அந்த வாய்ப்பு நழுவியது. அதே ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய உலக பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையும் முடிவு காணாமல் கலைந்தது.

நழுவிய வாய்ப்பை மீட்க இன்னும் வழியிருக்கிறது. நிறைவேறிய சட்டங்களின் கீழ் வகுக்கப்படும் விதிகளில் பிளாஸ்டிக் குருணையை ஆபத்தான சரக்காக அறிவிக்கலாம். இந்தியத் துறைமுகங்களைத் தொடும் ஒவ்வொரு கப்பலும் குருணைச் சரக்கின் அளவையும் அது அடுக்கப்பட்ட இடத்தையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கலாம். சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதைத் தனிப்பொருளாக எடுத்துக்கொண்டு, மண்டலப் புற்றுநோய் மையத்தின் வல்லுநர்களை அழைத்துக் கருத்துக் கேட்கலாம். இதற்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. அக்கறை இருந்தால் போதும்.

நுண் பிளாஸ்டிக் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று இன்று எவராலும் நிறுவ முடியாது. உண்டாக்காது என்றும் எவராலும் உறுதி கூற முடியாது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கேள்வி மீண்டும் எழும்போது, விடை சொல்லும் பதிவேடு கையில் இருக்குமா, இராதா என்பது இப்போது எடுக்கப்படும் முடிவைப் பொறுத்தது. கருநாகப்பள்ளியில் அன்று வீடு வீடாகச் சென்றவர்கள் அந்தப் பொறுப்பை உணர்ந்திருந்தார்கள். அந்தப் பொறுப்புணர்வு மத்திய, மாநில அரசுகளுக்கும் வரவேண்டும்.